தொப்பி இருந்தால்தான் முழு மரபணு

“செடியின் மரபணுக்கள் எல்லாம் டிஎன்ஏவில்தானே இருக்கின்றன? அதை விட்டுவிட்டு, தொட்டாலே சிதைந்துபோகும் ஆர்என்ஏவை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆர்என்ஏவிலிருந்து மரபணுவை முழுசாகப் படியெடுக்கும் வித்தை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

டிஎன்ஏவில் இருக்கும் செடியின் மரபணு தொடர்ச்சியான வாசகம் அல்ல. புரதத்துக்கான பகுதிகளுக்கு நடுவே இன்ட்ரான் எனப்படும் இடைச்செருகல்கள் கிடக்கும். செடியின் செல் முதலில் எல்லாவற்றையும் ஆர்என்ஏவாகப் படியெடுத்து, பிறகு இன்ட்ரான்களை வெட்டி வீசிவிட்டு மிச்சத்தை ஒட்டுகிறது. எடுத்த மரபணுவைப் பெருக்கித் தர நாம் நம்பியிருப்பதோ பாக்டீரியாவை. அதற்கு இந்த வெட்டி ஒட்டும் வேலை தெரியாது. டிஎன்ஏவில் உள்ளபடியே மரபணுவை எடுத்து அதனிடம் கொடுத்தால் இடைச்செருகலையும் சேர்த்து வாசித்து உளறும். ஆகவே செடியே திருத்தி முடித்த பிரதி, அதாவது தூது ஆர்என்ஏ நமக்கு வேண்டும். அதைத் திரும்ப டிஎன்ஏவாக மாற்றும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை 1970இல் ஹோவர்ட் டெமினும் சடோஷி மிசுடானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் இன்னொரு பக்கம் வைரஸ்களில் கண்டுபிடித்தார்கள். டெமினுக்கும் பால்டிமோருக்கும் 1975இல் நோபல் கிடைத்தது. இப்படி உருவாகும் டிஎன்ஏ பிரதிக்குச் சிடிஎன்ஏ என்று பெயர்.

செய்முறையை நாலு வரியில் சொல்லிவிடலாம். தூது ஆர்என்ஏவின் வால்பக்கத்தில் ஏ, ஏ, ஏ என்று ஒரே வேதி எழுத்தின் நீண்ட தொடர் இருக்கும். ஏவோடு ஜோடி சேரும் டி எழுத்துகளாலான சிறு டிஎன்ஏ துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டவைத்தால், நொதி அங்கே தொடங்கித் தலையை நோக்கி நகர்ந்தபடி படியெடுக்கும். பிறகு இரண்டாம் இழையைக் கட்டி, பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவில் சேர்த்து, பாக்டீரியாவுக்குள் புகுத்தினால் அது பெருக்கித் தந்துவிடும். சிக்கல் எல்லாம் “முழுசாக” என்ற ஒரே சொல்லில்தான்.

முதல் தடங்கல் இலையை அரைக்கும்போதே வருகிறது. திரவ நைட்ரஜனை ஊற்றியதும் இலை கண்ணாடிபோல் விறைத்து, குழவி பட்டதும் நொறுங்கி, வெளிர்பச்சை மாவாகிவிடும். அந்த மாவு கொஞ்சம்கூட உருகாமல் கரைசலுக்குள் போய்விட வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது குழாயை எடுத்துத் தயாராக வைத்திருக்கவில்லை. அதைத் தேடி எடுப்பதற்குள் மாவின் ஓரம் ஈரமாகி, பச்சை நிறம் பழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது. அந்தப் பழுப்பு வெறும் நிறமாற்றம் இல்லை. செல்லுக்குள் தனி அறையில் அடைபட்டிருந்த பாலிபீனால்கள் வெளியே வந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் பிரிப்பது பெரும்பாடு. போதாததற்கு, பிசுபிசுப்பான பாலிசாக்கரைடுகள் ஆல்கஹாலில் ஆர்என்ஏவோடு சேர்ந்தே வீழ்படிவாகிக் கூழ்போல் நிற்கும். விலங்குச் செல்லுக்கென்று எழுதிய செய்முறை செடியிடம் தோற்பது இந்த இரண்டால்தான். அதனால்தான் செடிகளுக்கென்று சிடிஏபி என்ற சோப்புப் பொருள், பாலிபீனாலைக் கவ்விக்கொள்ளும் பிவிபி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனால், ஆர்என்ஏவைத் தேர்ந்து வீழ்த்தும் லித்தியம் குளோரைடு என்று ஒரு கூட்டணி உருவானது.

ஆய்வகங்களில் “ஆர்என்ஏ எடுக்க அவருக்குத்தான் கைராசி” என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஆர்என்ஏவை அறுக்கும் ஆர்என்ஏஸ் நொதி நம் விரல் நுனியிலேயே இருக்கிறது. கொதிக்கவைத்தாலும் ஆறியபின் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடிய பிடிவாதக்கார நொதி அது. கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்: கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கையுறையை மாற்றுவார், குழாய்களை முன்கூட்டியே பனியில் அடுக்கி வைத்திருப்பார். இதை ராசி என்று சொல்லிவிட்டால் அடுத்து வருகிறவர் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

ஆர்என்ஏ பத்திரமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நொதியின் முறை. ஆர்என்ஏ நேரான நூல் அல்ல. தன்மேலேயே மடங்கி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற முடிச்சுகளைப் போட்டுக்கொள்கிறது. 42 டிகிரியில் வேலை செய்யும் நொதி அங்கே தடுமாறிப் பாதியில் விழுந்துவிடும். சூட்டைக் கூட்டினால் முடிச்சு அவிழும், ஆனால் நொதியும் செத்துவிடும். இன்னொரு கெட்ட பழக்கமும் அதற்கு உண்டு: படித்துக்கொண்டிருக்கும் ஆர்என்ஏவையே வெட்டும். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதை. அந்த வெட்டும் திறனை மட்டும் நீக்கிய நொதிகள் பிறகு வந்தன.

படியெடுப்பு வாலில் தொடங்குவதால், பாதியில் விழுந்த பிரதி ஒவ்வொன்றிலும் வால் இருக்கும், தலை இருக்காது. தலைதான் முக்கியம். புரதம் தொடங்கும் குறி அங்கேதான் இருக்கிறது. பசுங்கணிகத்துக்குப் போகவேண்டிய பல புரதங்களின் முன்நுனியில் ஒரு முகவரிச்சீட்டு உண்டு. தலை போனால் அந்தச் சீட்டும் போய்விடும், புரதம் போகும் இடம் தெரியாமல் நிற்கும். மரபணுவை முடுக்கும் புரோமோட்டர் டிஎன்ஏவில் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கும் தலையின் சரியான நுனி தெரிந்தாக வேண்டும்.

ஆக, ஒரு குழாயில் முழுப்பிரதியும் மொட்டைப்பிரதியும் கலந்து கிடக்கும்போது முழுசை மட்டும் எப்படிப் பொறுக்குவது? ஜப்பானின் ரைக்கன் நிறுவனத்தில் பியரோ கார்னின்சி, யோஷிஹிடே ஹயாஷிசாகி குழுவினர் 1996இல் வெளியிட்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. செடி, விலங்குச் செல்களின் தூது ஆர்என்ஏ தலையில் ஒரு தொப்பி அணிந்திருக்கும். அவர்கள் அந்தத் தொப்பியைப் பிடித்தார்கள்.

தொப்பி என்பது மெத்தில் சேர்ந்த ஒரு ஜி. அது மாட்டப்பட்டிருக்கும் விதம்தான் விசேஷம். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நிற்கும் நீண்ட வரிசையைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொருவர் கையும் முன்னால் நிற்பவரின் தோளில். வரிசையின் பின்கோடியில், அதாவது ஆர்என்ஏவின் தலைப்பக்கத்தில் நிற்பவரோடு முதுகோடு முதுகு ஒட்டி, எதிர்த்திசை பார்த்து இன்னொருவர் நிற்கிறார். அவர்தான் தொப்பி. அவருக்குப் பிடிக்கத் தோள் இல்லாததால் கை காலி. மறுகோடியில், அதாவது ஆர்என்ஏவின் வால்நுனியில் நிற்பவருக்கும் கை காலி. வேறு யாருக்கும் இல்லை. வேதியியல் மொழியில், அருகருகே ஹைட்ராக்சில் என்ற ஓஎச் தொகுதிகள் இரண்டு சும்மா இருக்கும் இடங்கள் ஓர் ஆர்என்ஏவில் இந்த இரண்டு மட்டுமே.

அருகருகே உள்ள ஹைட்ராக்சில் ஜோடியைக் கண்டால் சோடியம் பெரயோடேட் அங்கே பிணைப்பை உடைத்து ஆல்டிஹைடுகளாக மாற்றும். அந்த ஆல்டிஹைடில் பயோட்டின் என்ற வைட்டமினைக் கொக்கிபோல் மாட்டிவிடலாம். இப்போது தொப்பியில் ஒரு கொக்கி, வால்நுனியில் ஒரு கொக்கி.

அடுத்து வரும் படிதான் அழகு. ஒற்றை இழையாகக் கிடக்கும் ஆர்என்ஏவை மட்டும் அறுக்கும் ஆர்என்ஏஸ் ஒன் நொதியைச் சேர்க்கிறார்கள். ஆய்வகமே பயந்து விரட்டும் ஆர்என்ஏஸ் வகையில் ஒன்றை இங்கே வேண்டுமென்றே உள்ளே விடுகிறார்கள்! சிடிஎன்ஏ தலை வரை போய்ச் சேர்ந்திருந்தால், ஆர்என்ஏ முழுவதும் இரட்டை இழையாக மூடப்பட்டிருக்கும், நொதியால் தொட முடியாது, தொப்பியும் கொக்கியும் அப்படியே இருக்கும். பாதியில் நின்றிருந்தால், சிடிஎன்ஏவுக்கும் தொப்பிக்கும் நடுவே ஒற்றை இழை வெளியே தெரியும். அங்கே அறுபட்டு, தொப்பி கொக்கியோடு தனியே போய்விடும். வால்நுனிக் கொக்கியும் இதேபோல் கழன்றுவிடும், ஏனெனில் டி துண்டு ஒட்டிய இடத்துக்கு அப்பால் நீளும் வால் மூடப்படாமல்தான் இருக்கிறது. அரைக்கும்போதே உடைந்து தலையை இழந்த ஆர்என்ஏவுக்கோ தொப்பியே கிடையாது. கடைசியாக ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசிய காந்த மணிகளைப் போட்டால், அவை பயோட்டின் கொக்கியை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணியோடு வருகிற சிடிஎன்ஏ எல்லாம் தலை வரை போனவை. மிச்சத்தைக் கழுவி ஊற்றிவிடலாம்.

பொறுக்குவது ஒரு பக்கம். பொறுக்குவதற்கு முழுப்பிரதிகள் போதுமான அளவு இருக்க வேண்டுமே? 1998இல் அதே குழுவினர் நொதியின் கரைசலில் டிரிஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்தார்கள். 60 டிகிரியிலும் நொதி சாகாமல் வேலை செய்தது, கொண்டை ஊசிகள் அவிழ்ந்தன. காய்ந்து சுருண்டு கிடந்து, தண்ணீர் பட்டதும் பச்சையாக விரியும் செலாஜினெல்லா லெபிடோபில்லா என்ற செடியிலும் இதே சர்க்கரை இருக்கிறது. வறட்சியில் செடிக்குள் இருக்கும் பொருள், இன்னொரு செடியின் மரபணுவைப் படிக்கும் நொதியைக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் தித்திப்பான செய்தி.

இந்த முறைக்கு நிறைய ஆர்என்ஏ தேவை, படிகளும் அதிகம். கொஞ்சமே கையிருப்பு உள்ளவர்கள் வார்ப்பு மாற்றம் என்ற வேறொரு தந்திரத்தைக் கையாள்கிறார்கள்: தலையை எட்டிய நொதி கூடுதலாகச் சில சி எழுத்துகளைத் தானாகச் சேர்க்கும், ஜி ஜி ஜி என்று முடியும் ஒரு துண்டு அதில் ஒட்டிக்கொள்ளும், நொதி அந்தத் துண்டுக்குத் தாவித் தொடர்ந்து படியெடுக்கும். எளிது, ஆனால் தொப்பி இல்லாதவையும் சில சமயம் நுழைந்துவிடும்.

தொப்பி பிடிக்கும் முறைகளின் பலன் சீக்கிரமே தெரிந்தது. கடுகுக் குடும்பத்துச் சிறு களைச்செடியான அரபிடாப்சிஸில் 14,668 முழுநீளச் சிடிஎன்ஏக்களின் தொகுப்பு 2002இல் வந்தது, நெல்லில் 28,469 அடுத்த ஆண்டே வந்தது. ஒரு மரபணுவின் பெயரோடு வரும் ஆய்வுக்குப் பணம் கிடைக்கிற அளவுக்கு, கரைசலில் என்ன சர்க்கரை போடலாம் என்று தேடுகிற ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. இது தவறு என்பது என் உறுதியான கருத்து. பேக்பயோ, நானோபோர் போன்ற நீள்வாசிப்புக் கருவிகள் வந்துவிட்டதால் இதெல்லாம் பழங்கதை என்பவர்களும் உண்டு. கருவி எவ்வளவு நீளமாக வாசித்தாலும், கொடுத்த சிடிஎன்ஏ குட்டையென்றால் அதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது?

சரி, கையில் கிடைத்த பிரதி உண்மையிலேயே தலை வரை போனதுதானா என்று எப்படி உறுதிசெய்வது? அதற்கு ஓர் அழகான அடையாளம் உண்டு. சிடிஎன்ஏவின் வாசகத்தை எடுத்துச் செடியின் ஜீனோமோடு, அதாவது அதன் முழு டிஎன்ஏ வாசகத்தோடு, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பார்கள். எல்லாம் பொருந்தும். பல பிரதிகளில் முதல் எழுத்து மட்டும் பொருந்தாது. ஜீனோமில் இல்லாத ஒரு ஜி அங்கே நிற்கும். பார்த்தால் பிழைபோல் தோன்றும். ஆர்என்ஏவின் தலைப்பக்கக் கடைசி எழுத்தையும் தாண்டிப்போன நொதி, தொப்பியையே ஓர் எழுத்தாக வாசித்துவிட்டு வந்திருக்கிறது.