பெட்டியில் எழுதிய பெயரை நம்பி ஓவியம் வாங்காதீர்கள்

ஜப்பானியச் சேகரிப்புகளிலிருந்து விற்பனைக்கு வரும் பழைய சீனப் பூ-பறவை ஓவியங்கள் பெரும்பாலும் ஒரு மரப்பெட்டியோடு வரும். மூடியில் மையால் ஓவியரின் பெயர் இருக்கும். மதிப்பீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் ஓவியத்தை விரிக்கும் முன்பே அந்தப் பெயரைத்தான் படிக்கச் சொல்கிறார்கள். படித்துச் சொல்வேன். ஆனால் அதை வைத்து விலை பேசாதீர்கள்.

அதை எழுதியவர் பெரும்பாலும் ஓவியர் இல்லை. பின்னால் வந்த உரிமையாளரோ, துறவியோ, தேநீர்ச் சடங்கு ஆசானோதான். டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ள காடை ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்த படைப்பு. அஷிகாகா வம்சத்தின் ஆறாவது ஷோகன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) யோஷினோரியின் முத்திரை அதில் இருப்பதால், 15ஆம் நூற்றாண்டில் யார் கையில் இருந்தது என்பது உறுதி. வரைந்தது யார்? சீனாவின் சோங் வம்ச அரசவை ஓவியர் லி அன்ஜோங் என்பது மரபாக வரும் நம்பிக்கை. அருங்காட்சியகமும் ‘மரபுப்படி அவருடையது’ என்றுதான் குறிப்பிடுகிறது. மாறாக, இன்னொரு சோங் ஓவியர் லி தி வரைந்த செம்பருத்தி இனப் பூக்களின் ஓவியத்தில் 1197 என்ற ஆண்டும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஓவியத்தில் அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

சீன ஓவியர் ஷென் நான்பின் பெயர் போட்ட பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர் 1731இல் நாகசாகிக்கு வந்து இரண்டு ஆண்டு போலத்தான் இருந்தார். ஆனால் அவர் பாணியை ஜப்பானிய மாணவர்களும் அவர்களின் மாணவர்களும் பல தலைமுறை வரைந்து தள்ளினார்கள். அதெல்லாம் மோசடி இல்லை. நல்ல ஓவியங்களும் உண்டு. விலைதான் வேறு.

சரி, எதைப் பார்ப்பது? ஓவியம் வரைந்த பட்டுத் துணியைப் பாருங்கள். தாமிரம் கலந்த பச்சை நிறமி நாளடைவில் பட்டுத் துணியை அரிக்கும்; அதனால் இலைகள் இற்று, பூக்கள் தப்பித்திருக்கலாம். முழுப் பரப்பும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் பழையதாகக் காட்டச் சாயம் ஏற்றிய பட்டோ என்று கேளுங்கள். ஒட்டுப்போட்ட துண்டின் மேல் முத்திரை விழுந்திருந்தால், அது பழுதுபார்த்த பிறகு குத்தியது. பின்புறத் தாளை மட்டும் நீங்களே உரிக்காதீர்கள். பட்டின் பின்பக்கமும் வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. தாளோடு அதுவும் வந்துவிடும்.

அப்புறம், இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. மூடியின் உட்புறத்தையும் படமெடுங்கள். பெட்டியின் உள்நீளத்தையும், சுருட்டி வைத்த ஓவியச் சுருளின் நீளத்தையும் அளந்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பெட்டி வேறு ஓவியத்துடையதாக இருக்கலாம். சுருளைப் புதிதாகக் கட்டியபோது அளவு மாறியும் இருக்கலாம். எது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.