நியூயார்க்கில் வீட்டுக்கு ஹீட் வரவில்லையா? உங்களுக்கு உள்ள உரிமையும் புகார் செய்யும் முறையும்

நியூயார்க் நகரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் எவருக்கும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துத் தர வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை. ஆனால் "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்", "பாய்லர்காரரிடம் சொல்லியிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்றே வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்து இறங்கிய நம் ஆட்கள் இதைக் கேட்டுவிட்டு, குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் மாட்டித் தூங்க வைக்கிறார்கள். இந்த ஊர்க் குளிரே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளிர் தெருவில் இருக்கலாம். படுக்கையறையில் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு எண் கணக்கிலேயே சட்டம் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 முதல் மே 31 வரை நகரத்தின் 'ஹீட் சீசன்'. இந்த எட்டு மாதமும் இரண்டு விதிகள் நடைமுறையில் இருக்கும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே வெப்பநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருக்க வேண்டும். செல்சியஸில் சொன்னால் 20. இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே என்ன இருந்தாலும் சரி, உள்ளே 62 டிகிரிக்குக் குறையக் கூடாது. அது செல்சியஸில் 17-க்குச் சற்றுக் கீழே.

இரவு விதி முன்பு இவ்வளவு நன்றாக இல்லை. வெளியே 40 டிகிரிக்குக் கீழே போனால்தான் ஹீட் போட வேண்டும், அப்போதும் உள்ளே 55 இருந்தால் போதும் என்று இருந்தது. 2017-இல் வந்த நகரச் சட்டம்தான் அதை 62 ஆக்கியது. பழைய எண்ணையே இன்னும் சொல்கிற கட்டடக்காரர்கள் உண்டு. நம்பாதீர்கள்.

சுடுதண்ணீருக்குச் சீசன் கிடையாது. ஆண்டு முழுக்க, இரவும் பகலும், குழாயில் குறைந்தது 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வர வேண்டும். சூடு அதற்கு மேல் ஏறாதபடி தடுக்கும் வால்வு ஷவரில் பொருத்தியிருந்தால் அங்கே மட்டும் 110 போதும்.

பெரிய அபார்ட்மென்ட் கட்டடங்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். குயின்ஸில் இரண்டு குடும்ப வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தாலும் உங்களுக்கு இதே உரிமைதான். சொல்லப்போனால் அந்த வீடுகளில்தான் தொல்லை அதிகம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் கீழ்த்தளத்தில், உரிமையாளரின் கூடத்தில் இருக்கும். அவர் வேலைக்குப் போகும்போது அதைக் குறைத்துவிட்டுப் போவார். மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு மாலை வரை குளிர். உரிமையாளர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் அறையில் 68 இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கும்.

லீஸில் ஹீட் செலவு உங்களுடையது என்று எழுதியிருந்து, உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டரும் இருந்தால், கேஸ் அல்லது கரண்ட் பில்லைக் கட்ட வேண்டியவர் நீங்கள். ஆனாலும் பாய்லரோ ஹீட்டரோ பழுதில்லாமல் ஓடும்படி வைத்துத் தர வேண்டியவர் உரிமையாளர்தான்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர்

"குளிராக இருக்கிறது" என்பது புகார் இல்லை, "59 டிகிரி" என்பதுதான் புகார். அறைக்கு வைக்கும் தெர்மாமீட்டர் மருந்துக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும். அதை ஜன்னல் ஓரத்திலோ, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்திலோ வைக்காமல், அறையின் உள்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் தேதி, மணி, வெளியே எவ்வளவு, எந்த அறையில் எவ்வளவு என்று எழுதி வாருங்கள். "ஜனவரி 14, இரவு 11.20, வெளியே 24, படுக்கையறை 59, ரேடியேட்டர் தொட்டால் சில்லென்று இருக்கிறது" என்ற அளவுக்கு இருந்தால் போதும். தெர்மாமீட்டரைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் நீதிபதி முன் வைக்க இந்த நோட்டுக்கு நிகராக வேறொன்று கிடைக்காது.

கட்டடத்தைப் பராமரிக்கும் 'சூப்பர்' என்ற பொறுப்பாளருக்கும் உரிமையாளருக்கும் முதலில் சொல்லுங்கள். வாய் வார்த்தையோடு விடாமல் ஒரு மெசேஜும் அனுப்புங்கள். சொன்னதற்குத் தடயம் வேண்டும். சில மணி நேரத்தில் சூடு வரவில்லையென்றால் நகரத்தின் புகார் எண்ணான 311-ஐ அழையுங்கள். நகரத்துக்கு வெளியிலிருந்து அழைத்தால் 212-639-9675. 311 ஆப்பிலும் இணையத்திலும்கூடப் பதியலாம். ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம், எடுத்தவுடனே "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இந்தச் சேவை 175-க்கும் மேற்பட்ட மொழிகளில் இலவசம். குடியேற்ற நிலை பற்றிய கேள்வி இந்தப் புகாரில் வராது.

போனில் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் ஹீட் இல்லையா, கட்டடம் முழுவதும் இல்லையா என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டே பதில் சொல்லுங்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அது வால்வுக் கோளாறாக இருக்கலாம். கட்டடம் முழுக்க என்றால், எல்லா வீட்டுக்கும் சூடு தரும் பாய்லரில் கோளாறு. அப்படி இருந்தால் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். "நீங்கள் சொல்லிவிட்டீர்கள் இல்லையா, போதும்" என்று இருப்பவர்கள்தான் நம்மிடம் அதிகம். அது போதாது. கடைசியில் தரும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகாருக்குப் பிறகு

புகார் எச்.பி.டி. எனப்படும் நகர வீட்டுவசதித் துறைக்குப் போகும். அவர்கள் முதலில் உரிமையாளரையோ நிர்வாகியையோ அழைத்து ஹீட்டைச் சரிசெய்யச் சொல்வார்கள். அப்புறம் உங்களை அழைத்து வந்துவிட்டதா என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் இன்ஸ்பெக்டரை அனுப்புவார்கள். தெரியாத எண் என்று அந்த அழைப்பை எடுக்காமல் விடுவதாலும், இன்ஸ்பெக்டர் வரும்போது கதவைத் திறக்க ஆள் இல்லாததாலும் வீணாகும் புகார்கள் நிறைய. அவர் இன்ன மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். வார இறுதியிலும் வரலாம். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் ஒருவரிடமோ எதிர்வீட்டுக்காரரிடமோ சொல்லி வைப்பது நல்லது.

இன்ஸ்பெக்டர் தன் கருவியால் அளப்பார். அந்த நேரத்தில் எண் குறைவாக இருந்தால்தான் வயலேஷன், அதாவது விதிமீறல், என்று எழுதுவார். இந்த ஏற்பாட்டின் பலவீனமே இங்கேதான் இருக்கிறது. எச்.பி.டி.யிலிருந்து போன் வந்ததும் உரிமையாளர் பாய்லரைப் போட்டுவிடுவார். இன்ஸ்பெக்டர் வரும்போது ரேடியேட்டர் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். புகார் முடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி நள்ளிரவில் அணைந்துவிடும். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு முறை சூடு குறையும்போதும், குறைந்த அந்த நேரத்திலேயே, புதிதாகப் புகார் பதிவதுதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பகலில் வெளியே 56 ஆகிவிட்ட ஒரு நாளில் சட்டப்படி ஹீட்டே தேவைப்படாது.

எச்.பி.டி. வயலேஷன்களை ஏ, பி, சி என்று பிரிக்கும். ஹீட்டும் சுடுதண்ணீரும் சி வகை, அதாவது உடனடி ஆபத்து. உடனே சரிசெய்தாக வேண்டும். செய்யாவிட்டால் நாளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் கேட்டு நகரமே, வீட்டு வழக்குகளைப் பார்க்கும் ஹவுசிங் கோர்ட்டுக்குப் போகலாம். அதே கட்டடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் தொகை கூடும். உரிமையாளர் அசையவே இல்லையென்றால் நகரம் தன் ஆட்களை வைத்துப் பாய்லரைப் பழுதுபார்த்துவிட்டுச் செலவை அவர் சொத்தின் மேல் ஏற்றும். அதைக் கட்டாவிட்டால் வரிபாக்கியைப் போலச் சொத்தின் மேல் கடனாக நிற்கும். எனக்குத் தெரிந்து உரிமையாளர்களை அசைய வைப்பதில் முதலிடம் இதற்குத்தான்.

வாடகைதாரர்களே நேராக வழக்குப் போடவும் வழி உண்டு. அதற்கு 'எச்.பி. ஆக்ஷன்' என்று பெயர். நகரத்தின் பெரும் பிரிவுகளான ஐந்து பரோவிலும் ஹவுசிங் கோர்ட் இருக்கிறது. மனுக் கட்டணம் 45 டாலர். கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்கலாம். வக்கீல் இல்லாமலே போடலாம், கட்டடத்தில் பல பேர் சேர்ந்தும் போடலாம். ரென்ட் ஸ்டெபிலைஸ்ட் வீட்டில், அதாவது வாடகை உயர்வுக்குச் சட்ட வரம்பு உள்ள வீட்டில், இருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது: டி.எச்.சி.ஆர். என்ற மாநில அமைப்பிடம் வாடகைக் குறைப்புக் கேட்டு மனுச் செய்யலாம். 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் உங்கள் வீடு அந்த வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். ஹீட் இல்லாத காலத்துக்கு வாடகையில் தள்ளுபடி கேட்கும் உரிமை நியூயார்க் மாநிலச் சட்டத்தில் உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்தினால் உரிமையாளர் வாடகைப் பாக்கி வழக்குப் போடுவார், நீங்கள் எதிர்வாதியாக நிற்க வேண்டியிருக்கும். வக்கீலிடமோ மெட்ரோபாலிடன் கவுன்சில் ஆன் ஹவுசிங் போன்ற வாடகைதாரர் அமைப்பிடமோ கேட்காமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். மற்றபடி, புகார் செய்ததற்காகக் காலிசெய்யச் சொல்வதும் லீஸைப் புதுப்பிக்க மறுப்பதும் பழிவாங்கல். 2019-இல் திருத்திய மாநிலச் சட்டப்படி (உரிமையாளரும் குடியிருக்கும், நான்குக்கும் குறைவான வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு இது பொருந்தாது), நல்ல எண்ணத்தோடு புகார் செய்து ஓராண்டுக்குள் அப்படி நடந்தால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது.

அரசு வீட்டுவசதியான நைச்சாவில் குடியிருப்பவர்களுக்கு வழி வேறு. அவர்கள் 718-707-7771 என்ற எண்ணில் நைச்சாவிடமே பதிய வேண்டும்.

பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு நான் மனம் நோகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்படி அனுமதியில்லாத பேஸ்மென்ட் என்றால், ஹீட் இல்லை என்று வந்த இன்ஸ்பெக்டர் அங்கே ஆள் வசிப்பதைப் பார்த்த பிறகு, அந்த இடத்தைக் காலிசெய்யும்படி உத்தரவு வரக்கூடும். குளிரும் உங்களுக்கே, வெளியேற்றமும் உங்களுக்கே என்று ஆகிவிடும். அதற்காக அங்கேயே இருந்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை வந்தபோது இந்த நகரத்தில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இறந்துபோனார்கள். புகாருக்கு முன் இலவசச் சட்ட உதவி தரும் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

ஹீட் வரும்வரை சமாளிக்க ஸ்பேஸ் ஹீட்டர் வாங்குகிறவர்கள் பிராங்க்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரி 9 அன்று ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டின் மின் ஹீட்டரில் தீப்பிடித்தது. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. புகை மாடிப்படி வழியாக ஏறி 17 பேரின் உயிரை எடுத்தது. அவர்களில் 8 பேர் குழந்தைகள். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் கார்டில் மாட்டாதீர்கள், நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். மெத்தை, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். தூங்கும்போது அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டு வாசற்கதவு தானாக மூடவில்லையென்றால் அதுவும் சி வகை வயலேஷன்தான், அதே 311-இல் சொல்லலாம். கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு வீட்டைச் சூடாக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஹீட் பில்லைத் தாங்களே கட்டுகிற, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'ஹீப்' என்ற உதவித்தொகை உண்டு. நகரத்தில் ஆக்சஸ் எச்.ஆர்.ஏ. தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். திறக்கும் தேதியும் வருமான வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒதுக்கிய பணம் தீர்ந்தால் மூடிவிடுவார்கள் என்பதால், திறந்தவுடனே போட்டுவிடுங்கள்.

வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் 'எச்.பி.டி. ஆன்லைன்' தளத்தில் அந்த முகவரியை அடித்துப் பாருங்கள். கட்டடத்தின் மேல் வந்த புகார்களும் வயலேஷன்களும் தேதியோடு இருக்கும். எந்த மாதத்தில் பார்த்தாலும் சரி, போன ஜனவரி, பிப்ரவரி வரிசைகளைத் தேடிப் படியுங்கள். ஹீட் என்று வரிவரியாக இருந்தால் தரகரிடம் நேராகக் கேளுங்கள்: பாய்லரை மாற்றிவிட்டார்களா, எப்போது மாற்றினார்கள்?