அவதூறைச் சட்டம் எப்படி வாசிக்கிறது?

“அவர் நேர்மையானவர், இவருடைய கடிகாரத்தை அவர் திருடவே இல்லை.” இந்த வாக்கியத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால், திருடியவர் அவர்தான் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சொன்னால் இது அவதூறு. உதாரணம் என்னுடையதன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 499வது பிரிவிலேயே தந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவிலும் இருக்கிறது. “யார் திருடியது?” என்று கேட்டதும் வாய் திறக்காமல் ஒருவரைச் சுட்டிக்காட்டுவதும், அவர் கடிகாரத்தோடு ஓடுவதுபோல் படம் வரைவதும் அங்கே உள்ள மற்ற உதாரணங்கள். தமிழ் வகுப்பில் நாம் அணியாகப் படித்த வஞ்சப்புகழ்ச்சிகூட அந்தப் பிரிவின் மூன்றாம் விளக்கத்துக்குள் வந்துவிடும்.

சொல்லின் பொருளை நீதிமன்றம் எங்கே தேடுகிறது? இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் இதற்காகவே ஒரு கற்பனை மனிதரை வைத்திருக்கிறது: சாதாரண வாசகர். அவர் வெகுளியல்லர், எல்லாவற்றிலும் விபரீதம் தேடுபவரும் அல்லர். எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, இவருக்கு என்ன புரிந்திருக்கும் என்பதுதான் அங்கே பொருள்.

இதில் நீதிபதிகளே தடுமாறியதுண்டு. 2012இல் ஒரு பெண், தன் முன்னாள் கணவர் தன் கழுத்தை நெரிக்க முயன்றதாக ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்த முன்னாள் கணவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்ற நீதிபதி அகராதியைப் புரட்டினார். அதில் இரண்டு பொருள்கள்: கழுத்தை இறுக்கிக் கொல்வது, வலிக்கும்படி இறுக்குவது. வெறுமனே இறுக்கியிருந்தால் ‘நெரித்தார்’ என்றே எழுதியிருக்கலாம். ‘முயன்றார்’ என்பதால் கொல்ல முயன்றார் என்றுதான் பொருள் என முடிவுகட்டினார். தர்க்கம் கச்சிதம், ஆனால் ஃபேஸ்புக்கை யார் அப்படி வாசிக்கிறார்கள்? 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. ஃபேஸ்புக் பேச்சுவழக்கைப் போன்ற இடம்; மேலோட்டமாகப் படித்துவிட்டு நகர்பவர், ஆத்திரத்தில் கழுத்தைப் பிடித்தார் என்றே புரிந்துகொள்வார் என்றது. பெண் வென்றார்.

சாதாரண வாசகர் எப்போதும் இவ்வளவு உயிரோட்டமாக இருப்பதில்லை. தொலைக்காட்சி நடிகர்கள் இருவரின் முகங்களை ஆபாசப் படத்தில் ஒட்டி, பரபரப்பான தலைப்போடு ஒரு பத்திரிகை வெளியிட்டது. அது அவர்களுக்குத் தெரியாமல் செய்யப்பட்ட ஒட்டுவேலை என்று கீழே செய்தியில் விளக்கமும் இருந்தது. நடிகர்கள் வழக்கில் தோற்றார்கள். தலைப்போடு நின்றுவிடும் வாசகரை 1995இல், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கணக்கில் எடுக்க மறுத்தது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பகிரும் இன்றைய பழக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பது என் எண்ணம்.

பொருள் தெரிந்தபின் கேள்வி தீங்கைப் பற்றியது. மனம் புண்பட்டது என்பது மட்டும் அவதூறு ஆகாது. பிறர் மதிப்பில் ஒருவர் தாழ வேண்டும்; அதற்கு மூன்றாம் நபர் ஒருவராவது அதைப் படிக்கவோ கேட்கவோ வேண்டும். உங்களுக்கு மட்டும் எழுதிய வசைக் கடிதம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அதில் சேராது. இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘கடுமையான தீங்கு’ வேண்டும் என்று தடுப்பு போட்டது. அதைச் சொற்களின் தொனியிலிருந்து ஊகித்தால் போதாது, உண்மையில் நேர்ந்த விளைவைப் பார்க்க வேண்டும் என்று 2019இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் அப்படியொரு தடுப்பு இல்லை. நற்பெயரைக் கெடுக்கும் நோக்கமோ, கெடும் என்ற அறிவோ, கெடும் என நம்பக் காரணமோ இருந்தால் போதும். இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு.

பகைமையைத் தூண்டும் பேச்சுக்கு அளவுகோல் வேறு. எளிதில் தடுமாறும் மனங்களையோ, எந்த எதிர்க்கருத்திலும் ஆபத்தை மோப்பம் பிடிப்பவர்களையோ வைத்து அளக்கக் கூடாது. நியாயமும் மனத்திடமும் துணிவும் உள்ளவர்களை வைத்தே அளக்க வேண்டும் என்று நாக்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் 1940களில் எழுதினார். மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் பகிர்ந்த உருதுக் கவிதைக்காக குஜராத் போலீஸ் பதிந்த வழக்கை, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதே அளவுகோலை வைத்து ரத்து செய்தது.