பீட்டா சிதைவு

நிலையற்ற அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரானையும் எதிர் நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற நுண்துகளையும் வெளிவிடுவது பீட்டா சிதைவு. நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம்) மாறாது, அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை) ஒன்று கூடும். கார்பன்-14 இப்படித்தான் நைட்ரஜன்-14 ஆகிறது. ஆங்கிலத்தில் இது ‘பீட்டா டிகே’; இந்தத் தமிழ்ப் பெயர் அதற்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

பீட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. யுரேனியக் கதிர்களில் எளிதில் தடைபடுவதை ஆல்ஃபா என்றும், ஊடுருவிச் செல்வதைப் பீட்டா என்றும் 1899-இல் பெயரிட்டவர் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு. வெறும் வரிசைக் குறி. மொழிபெயர்க்க அதில் பொருள் இல்லை. இலங்கையில் பீற்றா என்று எழுதுவார்கள்.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். ஆங்கிலத்தின் ‘டிகே’ அழுகலையும் நலிவையும் குறிப்பது. விழுதல் என்ற லத்தீன் வேரில் பிறந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பயிலும் மாணவர் இதையே ‘தெசேன்தெக்ராசியோன் பெத்தா’ என்று படிக்கிறார். ஒன்றாயிருந்தது பிரிந்துபோதல் என்று பொருள். நம் ‘சிதைவு’ பிரெஞ்சின் பக்கமே நிற்கிறது.

‘சிதைவு’க்குப் பதில் ‘தேய்வு’ என்று சொன்னால் என்ன? கூடாது என்பேன். அணுக்கரு தேய்வதில்லை, அதற்கு மூப்பும் இல்லை. கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். அத்தனை காலம் தாக்குப்பிடித்த அணுக்கருவுக்கும் நேற்று உண்டானதற்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. எது எப்போது சிதையும் என்று குவாண்டம் இயற்பியல் சொல்லாது, நிகழ்தகவை மட்டுமே சொல்லும். தேய்வு தெரிவது மொத்தக் குவியலில்தான். கடலூர் மாவட்டத்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடி ஆண்டுக் கணக்கில் பழையது. அதன் மரங்கள் உயிரோடிருந்தபோது சேர்த்த கார்பன்-14 எப்போதோ தீர்ந்துவிட்டது.

‘சிதைவு’க்கும் ஒரு குறை உண்டு. வெளிவரும் எலக்ட்ரானை உடைந்த துண்டு என்று எண்ண வைத்துவிடும். அணுக்கருவுக்குள் எலக்ட்ரான்கள் இருப்பதாக ஒரு காலத்தில் இயற்பியலாளர்களே நம்பியவர்கள்தாம். அவ்வளவு சிறிய இடத்தில் அதை அடைத்தால், இடம் சுருங்கச் சுருங்க வேகத்தின் நிச்சயமின்மை கூடும் என்கிற நிச்சயமின்மைத் தத்துவப்படி அதன் ஆற்றல் அளந்து கண்டதைவிடப் பன்மடங்கு இருக்க வேண்டும். தவிர, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல், எதிர்பார்த்தபடி ஒரே அளவாகவும் இல்லை. குறையும் ஆற்றலைக் கொண்டுபோக மின்னூட்டமற்ற ஒரு துகள் இருக்கலாம் என்று 1930-இல் இயற்பியலாளர் பவுலி ஊகித்தார். அதுவே எதிர் நியூட்ரினோ. 1956-இல்தான் அது சோதனையில் அகப்பட்டது. இடையில், 1934-இல் வெளியான இயற்பியலாளர் ஃபெர்மியின் கோட்பாடு, எலக்ட்ரான், எதிர் நியூட்ரினோ இரண்டும் அந்தக் கணத்தில் புதிதாகப் பிறப்பவை என்றது.

அந்த வகையில் ‘பீட்டா மாற்றம்’ கூடுதலாகப் பொருந்தும். ஆனால் பாடநூல்களில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குமளவுக்குக் குறை பெரிதல்ல. புரோட்டான் நியூட்ரானாகிப் பாசிட்ரானை (நேர்மின் கொண்ட எதிர் எலக்ட்ரானை) வெளிவிடுவதும் இதே பெயருக்குள் அடங்கும்; உடலின் உள்ளே படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளூரின்-18 அந்த வகை.