கதவு தொங்கினால் கீலைத் திட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கதவு. "கீல் தேய்ஞ்சிருச்சு ஆசாரி, மாத்திக் கொடுங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். தேக்குக் கதவு. மாட்டி 2 வருடம்கூட ஆகவில்லை. கீல் நன்றாகவே இருந்தது. கீழ்ச்சட்டத்தைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கழுந்து, அதாவது ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கி அடுத்த சட்டத்தின் துளைக்குள் இறக்கும் நாக்கு, ஓர் அங்குலம்கூட உள்ளே போகவில்லை. சுற்றியிருந்த சந்தில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருந்தார்கள். மேலே பாலிஷ் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்?

"மரமே உடைஞ்சாலும் பசை விடாது" என்று வேலை செய்தவர் சொல்லியிருக்கிறார், வீட்டுக்காரரும் நம்பியிருக்கிறார். மரமும் மரமும் இறுக்கமாகத் தொட்டு நிற்கிற இடத்தில் அது சரி. ஆனால் வெள்ளைப் பசையில் இருக்கும் நீர் போய்த்தான் அது காய்கிறது. காயும்போது சுருங்கும். கனத்த சந்தில் ஊற்றினால் பிடிமானம் இருக்காது. தூளைக் கலந்தால் வெடிப்பு மறையும், அவ்வளவுதான். கதவின் பாரம் முழுக்க மூலைக் கழுந்துகளில் இறங்குகிறது, ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்த இடம் முறுக்கப்படுகிறது. அதைப் பசையில் குழைத்த தூளா தாங்கும்? ஜெர்மனியில் லைப்சிக் அருகே தோண்டியெடுத்த கிணற்றுச் சட்டங்கள் 7000 ஆண்டு பழையவை. ஓர் இரும்பாணி கிடையாது, துளையும் கழுந்தும் போல மரத்திலேயே வெட்டிய பூட்டுகள்தான் பிடித்து நின்றன.

வேலை பழகும் தம்பிகளுக்கு: துளையை முதலில் போடுங்கள், கழுந்தைப் பிறகு அறுங்கள். தடித்த கழுந்தைச் சீவிக் குறைக்கலாம், பெருத்த துளையை என்ன செய்வீர்கள்? சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு. 12 நூல் சட்டம் என்றால் 4 நூல் உளி (8 நூல் ஓர் அங்குலம்). ஊடுதுளை, அதாவது மறுபக்கம் வரை போகும் துளை என்றால் இரண்டு பக்கமும் கோடு கீறி, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் பொளியுங்கள். ஒரே பக்கமாக இறக்கினால் மறுபக்கம் சிம்பு பெயரும். நெடுஞ்சட்டத்தின் (கதவின் பக்கவாட்டில் நிற்கும் சட்டம்) தலையில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, பூட்டி முடித்த பிறகு அறுங்கள். இல்லாவிட்டால் அடிக்கும்போதே பிளக்கும்.

8 அங்குலக் கீழ்ச்சட்டத்துக்கு ஒரே அகலக் கழுந்து வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும்; அகலக் கழுந்து அதனால்தான் தளரும். நெடுஞ்சட்டத்தில் அவ்வளவு நீளத் துளை போட்டால் அதுவும் பலவீனம். பச்சை மரத்தில் எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் வீண், ஆறப்போட்ட மரமாகப் பாருங்கள்.

இடது கையை உளி முனைக்கு முன்னால் வைக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது! கட்டையைப் பிடிப்பானில் கட்டிவிட்டு இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

வீடு கட்டுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பசை தடவும் முன் கதவை வெறுமனே பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழுந்து கொட்டாப்புளியின் (மரச் சுத்தியல்) மெல்லிய தட்டுக்கு உள்ளே போக வேண்டும். தூக்கி ஆட்டினால் அசையக் கூடாது. தோளில், அதாவது கழுந்தின் அடியில் இரண்டு சட்டமும் முட்டுகிற இடத்தில், விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து தெரிந்தால், அந்தச் சட்டத்தை அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள்.