டெஸ்டரை வைத்து மடக்குக் கத்தியைக் கழற்றாதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. எண்ணூர் தம்பி ஒருவர், கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தார். பிளேடில் ஒரு குறை இல்லை, கைப்பிடி புதுசாகவே இருக்கிறது. ஆனால் பிளேடு மடங்கும் இடத்தில் இருக்கும் நடு ஸ்க்ரூவின் தலையில், ஆறு இதழ்ப் பூ போல இருக்க வேண்டிய குழி மழுங்கி வட்டமாகிவிட்டது. குழியின் ஓரத்தில் பிசிறு, உள்ளே பளபளவென்று இரும்புத் தூள். “ஒரே ஒரு ஸ்க்ரூதானே அண்ணே, அஞ்சு நிமிஷத்துல கழட்டிக் குடுத்துடுங்க” என்கிறார். எதை வைத்துத் திருகினீர்கள் என்று கேட்டால் பையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்துக் காட்டுகிறார். வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்த டெஸ்டர்.

ராயபுரத்தில் சாணை பிடிப்பதும் கத்தி, கத்தரிக்கோல் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்கள், எம்.சி. ரோடு பக்கத்து டெய்லர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஆன்லைனில் கத்தி வாங்கும் காலேஜ் பசங்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். மழுங்கிய கத்தி ஒரு பிரச்சினையே இல்லை, கொஞ்ச நேரத்தில் கூராக்கிக் கொடுத்துவிடலாம். மழுங்கிய ஸ்க்ரூ அப்படியில்லை. அதைத் துளை போட்டு எடுக்க வேண்டும், அதே மறையில் மாற்று ஸ்க்ரூ தேட வேண்டும். அமெரிக்கக் கத்திகள் பலவற்றில் அங்குலக் கணக்கு மறைதான் இருக்கும், நம்மூர்க் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் கணக்கு ஸ்க்ரூக்களான எம்2, எம்3 அதில் சேராது, அழுத்தி ஏற்றினால் கைப்பிடிக்குள் இருக்கும் மறையும் போய்விடும். நல்ல கத்தி ஒன்று சல்லிக்காசு ஸ்க்ரூவால் மூலையில் கிடக்கிறதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நினைப்புதான். “உள்ளே போகுது, திரும்புது, அப்புறம் என்ன?” உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இப்போது வரும் மடக்குக் கத்திகளில் பெரும்பாலும் டார்க்ஸ் ஸ்க்ரூதான். 1967-இல் அமெரிக்காவில் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கம்பெனி உருவாக்கியது. பிளஸ் ஸ்க்ரூவில் அழுத்தம் கூடினால் முனை மேலேறி வழுக்கும், அந்தத் தொல்லை இல்லாமல் திருகத்தான் இந்த ஆறு இதழ் அமைப்பு. சக்தி ஆறு இதழ்களுக்கும் சமமாகப் பிரிய வேண்டும் என்பதுதான் அதன் உயிரே. அதற்கு முனை குழியை முழுசாக நிரப்ப வேண்டும். டார்க்ஸ் அளவுகளை டி6, டி7 என்று சொல்வார்கள். குறுக்களவில் டி6 முனை சுமார் 1.7 மில்லிமீட்டர், டி7 சுமார் 2, டி8 சுமார் 2.3, டி9 சுமார் 2.5, டி10 சுமார் 2.7. ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள், ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு சுற்றித்தான். டி8 குழிக்குள் டி7 தாராளமாகப் போகும். லேசாக ஆடும், திரும்பவும் செய்யும். ஆனால் அப்போது அது இதழ்களின் உச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. முதல் தடவை ஸ்க்ரூ வந்துவிடும், அதனால் சரியான அளவு என்று நம்பிவிடுவீர்கள். மூன்றாவது நான்காவது தடவையில் இதழ் எல்லாம் சீவிப்போய் வட்டமாகும். பிறகு சரியான டி8-ஐக் கொண்டு வந்தாலும் பிடிக்காது. ஸ்க்ரூவை மழுக்கியது நேற்று திருகியது இல்லை, ஆறு மாதமாகத் தப்பான அளவில் திருகிக்கொண்டு வந்தது. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அலன் கீயை அடித்து ஏற்றுவது, டெஸ்டரைக் குறுக்கே வைத்து நெம்புவது, இவையெல்லாம் பற்றி நான் பேசப்போவதில்லை. செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து, “அப்ப நல்ல ஸ்க்ரூ டிரைவர் வாங்கணும்னா ஆயிரக்கணக்குல செலவாகுமே” என்பார்கள். வேண்டவே வேண்டாம். வீஹா, வெரா மாதிரி ஜெர்மன் கம்பெனிகளின் சின்ன டிரைவர்கள் அருமையானவை, தினமும் பத்துக் கத்தி கழற்றுகிற என்னைப் போன்றவனுக்கு அது செலவுக்குத் தகும். வருஷத்துக்கு நாலு தடவை கத்தியைச் சுத்தம் பண்ணுகிறவருக்கு விலை குறைந்ததே போதும். ஆனால் விலை குறைந்தது என்றதும் எல்லோரும் போய் வாங்குவது முப்பது நாற்பது பிட், அதாவது மாற்றி மாட்டும் முனை, அடுக்கிய பிளாஸ்டிக் டப்பா. அதுதான் தப்பு. அதில் உங்கள் கத்திக்குத் தேவை மூன்றே மூன்று. பையில் மாட்டும் கிளிப்புக்கும் கைப்பிடிக்கும் பெரும்பாலும் டி6, நடு ஸ்க்ரூவுக்கு டி8 அல்லது டி10. அந்த டப்பா காசை அப்படியே மூன்று தனி டிரைவரில் போடுங்கள். முனையும் தண்டும் ஒரே கம்பியாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பிட்டைக் கழற்றி மாட்டும் வகையில் பிட்டுக்கும் பிடிக்கும் நடுவிலேயே ஒரு ஆட்டம் இருக்கும், மலிவு சாமானில் அந்த ஆட்டம் அதிகம்.

முடிந்தால் டி8-இல் இரண்டு வாங்கிவிடுங்கள். நிறையக் கத்திகளில் நடு ஸ்க்ரூவுக்கு இரண்டு பக்கமும் தலை உண்டு, ஒரு பக்கம் திருகினால் மறுபக்கமும் சேர்ந்து சுற்றும். ஒன்றால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருக வேண்டும். இது தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு “மறை போச்சுண்ணே” என்று வருகிறவர்கள் உண்டு. மறை போகவில்லை, உங்கள் பொறுமைதான் போயிருக்கிறது.

வாங்கும் இடம்? தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம் கருவிக் கடைகள் இருக்கின்றன, செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் ரிச்சி தெருவிலும் சின்ன அளவுகள் கிடைக்கும். கடையில் “ஸ்டார் டிரைவர் குடுங்க” என்று கேட்டால் பிளஸ் தலை டிரைவரைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதனால் டார்க்ஸ் டி8 என்று அளவோடு கேளுங்கள். நடுவில் ஓட்டை போட்ட டார்க்ஸ் ஒன்று இருக்கிறது. அது நடுவில் ஊசி வைத்த ஸ்க்ரூவுக்கானது, சாதாரணக் கத்திக்கு வேண்டாம். ஓட்டை இருக்கிற முனை சீக்கிரம் உடையும்.

கத்தியையும் கையோடு கொண்டுபோங்கள், மடக்கி, பையில் வைத்து. டிரைவர் முனையை ஸ்க்ரூவில் வைத்து விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள், சாயாமல் நிற்க வேண்டும். லேசாக இடம் வலம் அசைத்துப் பாருங்கள், ஆட்டமே தெரியக்கூடாது. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இதழ் ஓரங்கள் கூராக, தனித்தனியாகத் தெரிய வேண்டும். குரோம் பூச்சு தடியாக ஏறி ஓரம் உருண்டிருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். டப்பாவில் எஸ்2 என்றோ குரோம் வெனேடியம் என்றோ இரும்பின் வகையை அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், உள்ளே இருப்பது என்ன என்று முனைதான் சொல்லும்.

மலிவு டிரைவரில் இன்னொரு குறை உண்டு, அதைச் சரிபண்ணிக்கொள்ளலாம். முனையின் நுனி கொஞ்சம் உருண்டு குறுகலாக இருக்கும். கத்தி ஸ்க்ரூவின் குழியோ ஆழம் குறைவு. அதனால் குறுகலான பகுதி மட்டும் உள்ளே போய் நிற்கும், முழு அளவுள்ள பகுதி வெளியிலேயே இருக்கும். இதற்கு நான் செய்வது, நுனியைச் சாணைக் கல்லில் நேராக நிறுத்தி இம்மியளவு தேய்த்துத் தட்டையாக்குவது. அரை மில்லிமீட்டர் போதும். இரண்டு தேய்ப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குங்கள், நிறம் நீலமாக மாறிவிட்டால் இரும்பின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். இதற்குப் பிறகு அந்த நூற்றுச் சொச்சம் ரூபாய் டிரைவர் குழியின் அடிவரை இறங்கி உட்காரும் பாருங்கள், கையிலேயே வித்தியாசம் தெரியும். முனை தேய்ந்தால் மறுபடி ஒரு தடவை இப்படித் தேய்க்கலாம். அதற்கு மேல் தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேய்ந்த டிரைவரைச் சேர்த்து வைக்கிற பழக்கம்தான் அடுத்த ஸ்க்ரூவைக் கெடுக்கிறது.

பிடியின் தடிமனும் கவனிக்க வேண்டியது. டி6-க்கு மெல்லிய, வாட்ச் ரிப்பேர்காரர் பிடிதான் சரி, அதில் உங்கள் முழு பலமும் இறங்காது, ஸ்க்ரூ தப்பிக்கும். டி10-க்குக் கொஞ்சம் தடித்த பிடி வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று. கழற்றும் முன் கத்தி எந்த வகை என்று பாருங்கள். விக்டோரினாக்ஸின் சிவப்புக் கத்தி ஸ்க்ரூ போட்டது இல்லை, ரிவெட் அடித்தது. அதன் கைப்பிடித் தகட்டை நெம்பி எடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். வெந்நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் விட்டால் அதற்குப் போதும். பிரெஞ்சு ஓபினல் கத்தியிலும் ஸ்க்ரூ கிடையாது. சில கம்பெனிகள் கத்தியைப் பிரித்தாலே வாரண்டி போச்சு என்பார்கள், கூடவே வரும் தாளைப் படியுங்கள்.

பிளேடுக்கு முதலில் டேப் சுற்றுங்கள். தயவுசெய்து. ஸ்க்ரூ வழுக்கியதில் டிரைவர் குத்திய உள்ளங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தியைக் கையில் பிடித்துத் திருகாதீர்கள், மேசையில் துணி விரித்து வையுங்கள். ஸ்க்ரூ குழியில் அழுக்கு இருக்கும், குண்டூசியால் குடைந்து எடுத்துவிட்டுத்தான் டிரைவரை வையுங்கள், அழுக்கின் மேல் வைத்தால் முனை பாதிதான் இறங்கும். நேர்குத்தாக அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். வரவில்லையா, பலம் காட்டாதீர்கள். ஸ்க்ரூவில் கம்பெனியே பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலைமேல் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும், உடனே திருகுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியில் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஸ்க்ரூ வந்தது என்று வரிசையாக வையுங்கள், நீளம் வேறு வேறாக இருக்கும்.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ் என்றாலும் விடாதீர்கள். உப்புக்காற்று முதலில் பிடிப்பது இந்தச் சின்ன ஸ்க்ரூக்களைத்தான். மீன் வெட்டிய கத்தியை நல்ல தண்ணீரில் அலசி உலர வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது நடு ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி ஆட்டத்தைப் போக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இறுக்கு, பிளேடைத் திறந்து மூடிப் பார், மறுபடி இம்மியளவு இறுக்கு, அப்படித்தான். தளர்ந்துகொண்டே வந்தால் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறத்தை ஊசி முனையளவு மறையில் தொட்டு வையுங்கள். சிவப்பு வேண்டாம், ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்.

டெய்லர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கத்தரிக்கோலின் நடு ஸ்க்ரூ நேர்க்கோட்டுத் தலை. அதற்கு டிரைவர் முனை கோட்டின் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டும், தடிமனும் அப்படியே. பாதி அகல டிரைவரில் திருகித்தான் கோட்டின் இரு ஓரமும் பிய்ந்துபோய் வருகிறது.

எதிலாவது முனை ஒரு தடவை வழுக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு தடவை முயற்சி பண்ணாதீர்கள், கத்தியையும் கழன்று வந்த மற்ற ஸ்க்ரூக்களையும் ஒரு கவரில் போட்டு, எந்த டிரைவரால் திருகினீர்களோ அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போங்கள். பாதி மழுங்கியதை எடுக்க வழி இருக்கிறது.