புனைபடம்: வீட்டு விளம்பரங்களுக்கு வேண்டிய ஒரு சொல்

கட்டாரில் வேலை செய்யும் என் மச்சாள் ஒரு வீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாள். நாவற்குடாவில் பத்துப் பேர்ச் வளவு, மூன்று அறை வீடு. மூத்த மகளுக்கென்று தேடுகிறாள். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போவது தலைமுறை வழக்கம். வெளிநாட்டில் பாடுபடும் தாய்மார் பலரின் உழைப்பு முழுவதும் இந்த ஒன்றில்தான் போய்ச் சேருகிறது.

படத்தில் பால்வெள்ளைச் சுவர், சாம்பல் நிறச் சோபா, சுவரில் பாதியைப் பிடித்துக்கொண்ட கண்ணாடி யன்னல், அதற்கு வெளியே ஒரே சீராகப் பச்சைப் புல்தரை. அடியில் சிறிய எழுத்தில் "மெய்நிகர் அலங்காரம்" என்று போட்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். யன்னல் இருந்தது, ஆனால் இரும்புக் கம்பி போட்ட பழைய மரயன்னல். அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு மதில். மண்டபச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மங்கிய பழுப்புக் கோடு சுற்றிவர ஓடியது. மார்கழி வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் கோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. படத்தில் புல்தரை இருந்த இடத்தில் சீமெந்துக் கட்டுடன் ஒரு கிணறு, கப்பி, கயிறு, பக்கத்தில் இரண்டு வாழை. "கிணறு படத்தில் இல்லையே?" என்று தரகரிடம் கேட்டேன். "அது கம்பியூட்டர் செய்த வேலை தம்பி, வடிவாக இருக்கட்டும் என்று எடுத்துவிட்டது போலிருக்கிறது" என்றார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் நிலத்தில் கிணறுதான் வளவின் உயிர். அதைக் குப்பையென்று நினைத்துத் துடைத்திருக்கிறது அந்த மென்பொருள்.

அன்றிரவு இதையெல்லாம் சொன்னபோது மச்சாள் ஒரு கேள்வி கேட்டாள். "மெய்நிகர் என்றுதானே போட்டிருந்தார்கள்? மெய் என்றால் உண்மைதானே?" அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

விளம்பரத்தில் இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு. மூலம் "வெர்ச்சுவல் ஸ்டேஜிங்". வெறுமையாகக் கிடக்கும் அறையின் படத்தில் கணினி மூலம் தளபாடம், திரைச்சீலை, விளக்கு முதலியவற்றைச் சேர்த்துக் காட்டுவதைத்தான் வீட்டு வணிகத்தில் அப்படிச் சொல்கிறார்கள். முதலில் வந்தது "ஹோம் ஸ்டேஜிங்". விற்கப்போகும் வீட்டுக்குள் வாடகைத் தளபாடங்களைக் கொண்டுவந்து அடுக்கி, பார்க்க வருபவரின் மனதைக் கவரும் இந்த முறை 1970களில் அமெரிக்காவில் வேர்விட்டது. அங்கே சோபாவாவது உண்மையான சோபா; பார்க்க வந்தவர் அதில் உட்கார்ந்து பார்க்கலாம். பின்னர் சோபா கணினிக்குள் போனது. 2022இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன், மிட்ஜேர்னி போன்ற, எழுத்தில் கேட்டதைப் படமாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்த பிறகு, வரைகலை தெரிந்தவர் தேவை என்ற நிலையும் போய்விட்டது. ஒரு வரி எழுதினால் போதும், அறை நிரம்பிவிடும்.

ஸ்டேஜ் என்ற சொல்லின் வழி சுவையானது. இலத்தீனில் "நில்" என்று பொருள்படும் ஸ்டாரே என்ற வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சில் எஸ்தாஜ் ஆகி, வீட்டின் மாடியைக் குறித்தது. இன்றும் பிரெஞ்சில் எத்தாஜ் என்றால் மாடிதான். ஆங்கிலத்துக்கு வந்து மேடையாகி, நாடக மேடையாகி, கடைசியில் வீடு விற்பவரின் கையில் திரும்பவும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. தமிழிலும் இதே தடம் உண்டு. நில் என்ற வினையிலிருந்து வந்த நிலை மாடியைக் குறிக்கும். ஏழுநிலைக் கோபுரம் என்கிறோமே, அந்த நிலை. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பொருளை ஒரே வினையிலிருந்து பெற்றிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஆனால் மேடையென்றால் எந்த மேடை? எங்கள் ஊர்க் கூத்து வட்டக்களரியில் நடப்பது. சுற்றிவர மக்கள் இருப்பார்கள். ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதற்கு இடமில்லை. ஸ்டேஜிங் என்ற சொல்லுக்குள் இருப்பதோ ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை. அதன் பின்புறம் பார்ப்பவருக்குரியதல்ல. வீட்டு விளம்பரப் படமும் அப்படித்தான் நிற்கிறது.

அடுத்தது வெர்ச்சுவல். இலத்தீனில் விர் என்றால் ஆண். விர்த்தூஸ் என்றால் ஆண்மை, ஆற்றல், பிறகு நற்பண்பு. இடைக்காலத்தில் அதிலிருந்து ஓர் உரிச்சொல் கிளைத்து, "ஆற்றல் உடைய" என்ற பொருளிலிருந்து "உருவில் அதுவாக இல்லாவிட்டாலும் பயனில் அதுவே" என்ற பொருளுக்கு நகர்ந்தது. அங்கிருந்து ஒளியியலுக்குப் போனது, பிறகு கணினிக்கு.

ஒளியியலில் நம் பாடநூல்கள் இதை எப்படித் தமிழாக்கின என்று பாருங்கள். தளவாடியில் தெரியும் நம் முகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மாயவிம்பம் என்று படித்தோம். திரையில் பிடிக்க முடியாத விம்பம் என்பதால் மாயம். திரையில் விழுவது மெய்விம்பம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அன்று மாயம் என்றார்கள், இன்று மெய்நிகர் என்கிறோம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்தத் தலைமுறையினர் ஒரு சொல்லை ஆக்கும்போது அது மாணவனின் காதில் என்னவாக விழும் என்று எண்ணிப் பார்த்தார்கள் என்றே நம்புகிறேன்.

மெய்நிகர் கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு விளையாடும் பிள்ளைக்கு அது பொருந்தும். தான் இருப்பது விளையாட்டில் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வீடு வாங்க வந்தவர் நிலை வேறு. மெய்க்கு நிகர் என்று அவரிடம் சொல்வது, படம் வீட்டுக்குச் சமம் என்று விற்பவர் கொடுக்கும் உறுதிமொழியாகிவிடுகிறது. எச்சரிக்க வேண்டிய சொல் நற்சான்றிதழ் கொடுக்கிறது. என் மச்சாள் தவறாக வாசிக்கவில்லை. சொல்லை உள்ளபடி வாசித்தாள்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? சிலர் மாதிரிப் படம் என்று போடுகிறார்கள். நம் மாவட்டத்தில் மாதிரி வீடு என்றால் "இதைப்போல் கட்டித் தருவோம்" என்று பொருள். ஏற்கனவே கட்டி முடித்து வெள்ளமும் பார்த்துவிட்ட வீட்டுக்கு மாதிரி எது? போலிப் படம் என்பது மிகக் கடுமை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று நேர்மையாக வரைந்து காட்டுபவரையும் அது குற்றவாளியாக்கும். ஒப்பனைப் படம் என்று ஒரு நண்பர் சொன்னார். காதுக்கு இனிமையாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பனை என்றால் அடியில் முகம் அப்படியே இருக்கும். பவுடரைக் கழுவினால் அதே முகம். செயற்கை நுண்ணறிவு செய்வது அதுவல்ல.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்குரிய விவரிப்புகளையும் கொண்டு பழக்கப்பட்டவை. படத்தின் மேல் இரைச்சல் புள்ளிகளைத் தூவி, அவற்றைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே, "இப்படிப்பட்ட அறையில் பொதுவாக என்ன இருக்கும்" என்பதற்கேற்ப உருவம் கொண்டுவருகின்றன. நாவற்குடாவின் அந்தச் சுவரை அவை அறியா. சுவர்கள் பொதுவாக எப்படி இருக்கும் என்பதையே அறியும். ஆகவே சோபா மட்டும் வை என்று கேட்டாலும், பல கருவிகள் முழுப் படத்தையும் திரும்ப உருவாக்குகின்றன. அறை ஓரடி அகலும், சுவிட்சுப் பலகை மறையும், கம்பி யன்னல் கண்ணாடியாகும், விறாந்தைத் தூண் ஒன்று குறையும். வெள்ளக் கோட்டை அழிக்கும்படி எவரும் கட்டளையிட்டிருக்கத் தேவையில்லை. சுவர்களில் பொதுவாக அப்படிக் கோடு இருப்பதில்லை, அதனால் அது போய்விட்டது. வாங்குபவர் முதலில் அறிய வேண்டிய செய்தி அதுவாக இருந்தும்.

எனவேதான் புனைபடம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். புனை என்ற வினைக்கு அழகுபடுத்து, கட்டு, படை, இட்டுக்கட்டு என்று பொருள்கள் விரிகின்றன. மாலை புனைகிறோம், கவிதை புனைகிறோம், கதை புனைகிறோம். குற்றம் சாட்டாமல், அதே நேரத்தில் உண்மையென்று உரிமை கோராமல் நிற்கக்கூடிய சொல் இது. புனைகதை என்று அட்டையில் போட்ட நூலை எவரும் பொய்யென்று திட்டுவதில்லை. வரலாறு என்று நம்புவதும் இல்லை.

இந்தச் சொல் படத்துக்குப் புதிதும் அல்ல. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்து கிடக்கும் அரசி "புனையா ஓவியம் கடுப்ப" இருந்தாள் என்று வருகிறது. வண்ணம் தீட்டாத, கோடுகளால் மட்டும் ஆன ஓவியம் போல என்று பொருள். புனைந்த படம், புனையாப் படம் என்ற பாகுபாடு தமிழில் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. நமக்கு இன்று வேண்டியதும் அதே இணைதான்: கருவி ஆக்கித் தந்தது புனைபடம், வீட்டை உள்ளபடி எடுத்தது புனையாப் படம்.

எழுதும்போது புனைபடம் என்றே எழுதுங்கள். நடுவில் ப் வராது. புனைபெயர், புனைகதை போல இதுவும் வினைத்தொகை. சிறிய எழுத்தில் புகைப்படம் என்று கண் தவறி வாசித்துவிடும் அபாயம் இருப்பதை மறுக்கவில்லை. அதனாலேயே புகைப்படம் என்பதை விட்டு ஒளிப்படம் என்று எழுதும் பழக்கம் இங்கே பயன்படும். கிரேக்க மூலத்தில் போட்டோ என்பதும் ஒளியைத்தான் குறிக்கிறது. ஒளிப்படம் என்ற சொல் ஒரு சோதனையையும் தன்னோடு கொண்டுவருகிறது: இந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியா இந்தப் படத்தை ஆக்கியது? ஆம் என்றால் ஒளிப்படம். வெளிச்சத்தைக் கூட்டினாலும் ஓரத்தை வெட்டினாலும் அது ஒளிப்படம்தான்.

கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. வீட்டு விளம்பரப் படத்தில் பொருளைச் சேர்த்தால், நீக்கினால், மாற்றினால் முகவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாற்றாத மூலப் படத்தையும் பார்க்கக் கொடுக்க வேண்டும். வெளிச்சம், நிறம், கோணம் திருத்துவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு விலக்கு உண்டு. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் உறுதி எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. உறுதியில் நான்கு எல்லையும் சொல்லுக்குச் சொல் இருக்கும். அந்த உறுதி வரை ஒருவரை இழுத்துவரும் விளம்பரப் படத்தின் கீழ் ஒரு சரியான சொல்லைப் போடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

போட வேண்டிய விதம் எளிது. மூலையில் ஒளித்துவைக்காமல், படத்துக்கு நேர் கீழே, விலை எழுதிய அதே அளவு எழுத்தில்: "புனைபடம். புனையாப் படம் அடுத்து." விளம்பரம் வாயால் வாசிக்கப்படும்போதும், "இது புனைபடம் அக்கா, வீட்டின் ஒளிப்படம் தனியாக அனுப்புகிறேன்" என்று சொன்னால் புரியாதவர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் இல்லை, மேற்கே படுவான்கரையிலும் இல்லை.

மறுநாள் காலையில் திரும்பப் போய் நானே ஒளிப்படங்கள் எடுத்தேன். வெள்ளக் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து ஒன்று, யன்னலுக்கு வெளியே மதிலை ஒன்று, கிணற்றை மூன்று. மச்சாள் கிணற்றுப் படங்களைத்தான் நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி வந்தது: "தண்ணீர் உவரா, நல்ல தண்ணீரா? ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்."